கேபிள் மோடத்தில் சிக்னல் குறைபாடு

தொலைக்காட்சிக்காக இழுக்கப்பட்ட கோஆக்சியல் கேபிளின் வழியே வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவரும் கருவி கேபிள் மோடம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏராளமான வீடுகளுக்கு இணையம் இந்த வழியில்தான் வருகிறது. கேபிளில் வரும் சிக்னல் அளவுக்கு மீறி இளைத்துவிட்டால் வேகம் குறையும், வீடியோ அழைப்பு பாதியில் உறையும், மோடம் இணைப்பை இழந்து மீண்டும் தேடத் தொடங்கும். இவை வைஃபை கோளாறைப் போலவே தோற்றம் தருவதால், மோடத்துடன் கணினியை ஈத்தர்நெட் வயரால் நேரடியாக இணைத்துப் பார்ப்பது முதல் வேலை. அப்போதும் கோளாறு நீடித்தால்தான் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த மோடங்கள் இயங்கும் பொதுவிதிகளுக்கு டாக்சிஸ் என்று பெயர். கேபிள் நிறுவனங்களின் கூட்டு ஆய்வமைப்பான கேபிள்லேப்ஸ் இதன் முதல் பதிப்பை 1997இல் வெளியிட்டது. பல சேனல்களை ஒன்றாகப் பிணைத்து வேகத்தைக் கூட்டும் 3.0 பதிப்பு 2006இலும், 3.1 பதிப்பு 2013இலும் வந்தன. பதிப்புகள் மாறினாலும் சிக்னலை அளக்கும் அலகு மாறவில்லை. 75 ஓம் மின்தடையில் 1 மில்லிவோல்ட் இருந்தால் அது 0 டிபிஎம்வி. 20 கூடினால் வோல்ட்டேஜ் பத்து மடங்காகிறது, 20 குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது. ஆகவே 0 என்பது சிக்னலே இல்லை என்று பொருள்படாது. மோடத்துக்கு அதுதான் மிக உகந்த அளவு.

பெரும்பாலான மோடங்களில் இந்த அளவுகளைப் பார்க்க உலாவியில் 192.168.100.1 என்ற முகவரியைத் திறந்தால் போதும். அந்தப் பக்கத்தில் டவுன்ஸ்ட்ரீம், அப்ஸ்ட்ரீம் என இரண்டு அட்டவணைகள் இருக்கும். நிறுவனத்திலிருந்து மோடத்துக்கு வருவது டவுன்ஸ்ட்ரீம். அதன் ஒவ்வொரு சேனலும் மைனஸ் 15க்கும் பிளஸ் 15க்கும் இடையில் இருக்கலாம் என்பது விதி. நடைமுறையில் மைனஸ் 7 முதல் பிளஸ் 7 வரை இருந்தால் நிம்மதி. அதற்குப் பக்கத்திலேயே சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும் டெசிபெல்லில் தரப்பட்டிருக்கும். தரவைச் சிக்னலில் ஏற்றப் பரவலாகப் பயன்படும் 256 க்யூஏஎம் முறைக்கு அது குறைந்தது 30 இருக்க வேண்டும், சிக்னல் மைனஸ் 6க்கும் கீழே இறங்கினால் 33. இரண்டில் இந்த விகிதமே முக்கியமானது. மைனஸ் 9இல் வரும் தூய்மையான சிக்னல் பல ஆண்டுகள் தொல்லையின்றி ஓடும். பிளஸ் 3இல் வந்தாலும் இரைச்சல் கலந்திருந்தால் ஓடாது. திருத்த முடியாத பிழைகளின் எண்ணிக்கை மணிக்கு மணி ஏறுகிறதா என்பதையும் அதே பக்கத்தில் காணலாம்.

அப்ஸ்ட்ரீம் அட்டவணையை நேர்மாறாகப் படிக்க வேண்டும். அதில் காட்டப்படுவது வந்து சேர்ந்த அளவு அல்ல, மோடம் அனுப்பும் அளவு. தன் குரல் நிறுவனத்தின் முனையில் சரியாகக் கேட்கும்வரை அளவைக் கூட்டச் சொல்லி மோடத்துக்கு உத்தரவு வந்துகொண்டே இருக்கும். ஆகவே இங்கே பெரிய எண் என்றால் வழியில் இழப்பு அதிகம் என்று அர்த்தம். 35 முதல் 49 வரை நல்லது. டாக்சிஸ் 3.0 மோடம் நான்கு அப்ஸ்ட்ரீம் சேனல்களைப் பிணைத்திருக்கும்போது ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 51 வரைதான் அதனால் அனுப்ப முடியும். அதற்கு மேலும் கேட்டால் சேனல்களைக் கைவிட்டு, மிஞ்சியதில் முழுப் பலத்தையும் போடும். நான்கு இருந்த இடத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் மிஞ்சியிருப்பது இதனால்தான். நிகழ்வுப் பதிவில் டி3 டைம்அவுட் என்று வரிசையாக வந்தால், மோடம் அனுப்பியதற்குப் பதில் வரவில்லை என்று பொருள்.

வீட்டுக்குள் இழப்பு பெரும்பாலும் ஸ்ப்ளிட்டர்களால் வருகிறது. இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு முனையிலும் சுமார் 3.5 டெசிபெல்லை விழுங்கும், நான்காகப் பிரிப்பது சுமார் 7. வீட்டின் நுழைவில் பிளஸ் 10 இருப்பதாகவும், அங்கே மோடத்தை நேரடியாக இணைத்தால் அப்ஸ்ட்ரீம் 38 காட்டுவதாகவும் கொள்வோம். நடுவே ஓர் இரண்டு வழி ஸ்ப்ளிட்டர், பிறகு நான்கு வழி, அதன்பின் தொலைக்காட்சிக்காக யாரோ சேர்த்த இன்னோர் இரண்டு வழி, கடைசியில் 15 மீட்டர் கேபிள். ஸ்ப்ளிட்டர்களில் மட்டும் 14 டெசிபெல் போயிற்று. கேபிளின் 3 டெசிபெல்லும் சேர, டவுன்ஸ்ட்ரீம் மைனஸ் 7 ஆகிறது. எல்லையோரம்தான், ஆனால் ஓடும். அப்ஸ்ட்ரீமோ 52ஐத் தாண்ட வேண்டியிருக்கும், நான்கு சேனல்களோடு அது முடியாத காரியம். டவுன்லோடு வேகம் சரியாக இருக்க, இணைப்பு மட்டும் அடிக்கடி அறுந்துபோகும் புதிரான வீடுகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

கேபிளும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்கிறது. அதிர்வெண் ஏற ஏற இழப்பும் ஏறும். ஆர்ஜி-6 கேபிள் 30 மீட்டரில் 55 மெகாஹெர்ட்சுக்கு 1.6 டெசிபெல் அளவே இழக்கும், 1,000 மெகாஹெர்ட்சுக்கு 6.5 வரை. பழைய கட்டடங்களில் சுவருக்குள் கிடக்கும் மெல்லிய ஆர்ஜி-59 அதே நீளத்தில் 8 டெசிபெல்லை இழக்கும். அட்டவணையில் உயர் சேனல்கள் மட்டும் படிப்படியாகச் சரிந்தால் நீளத்தையோ ஈரத்தையோ சந்தேகிக்கலாம். வெளிச்சுவரில் கேபிளின் உறை வெடித்து மழைநீர் புகுந்தால் சிக்னல் வானிலையோடு சேர்ந்து ஆடும்.

சரிவு தலைகீழாகவும் வரலாம். கேபிளின் நுனியிலுள்ள எஃப் கனெக்டருக்குள் நடுக்கம்பி முழுதாகத் தொடாமல் மயிரிழை இடைவெளி விட்டு நின்றால், அந்த இடைவெளி கெபாசிட்டராக வேலைசெய்யும். உயர் அதிர்வெண்கள் அதைத் தாண்டிப் போய்விடும், தாழ்ந்தவை தடைபடும். வட அமெரிக்காவில் அப்ஸ்ட்ரீமுக்கு நெடுங்காலமாக ஒதுக்கப்பட்ட 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை அடியில் இருப்பதால் முதலில் அடிபடுவது அதுதான். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் நடுக்கம்பி விளிம்பைத் தாண்டிச் சுமார் 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் மேல் வெண்ணிறப் பொடியோ பச்சைப் படலமோ இருக்கக் கூடாது. வலைக்கவசத்தின் ஒரு நூலிழைகூட அதைத் தொடக் கூடாது. கையால் முறுக்கி மாட்டும் பழைய கனெக்டர்களை எறிந்துவிட்டு, கருவியால் அழுத்திப் பொருத்தும் வகையைப் போடுவது செலவு குறைந்த, பலன் மிகுந்த பழுதுபார்ப்பு. மாட்டிய பின் விரலிறுக்கத்துடன் விடாமல் ஸ்பேனரால் ஒரு சிறு திருப்பு கொடுக்க வேண்டும். தளர்ந்த கனெக்டர் சிக்னலை இழப்பதோடு வெளியிலுள்ள வானொலி இரைச்சலையும் உள்ளே விடும். அந்த இரைச்சல் அப்ஸ்ட்ரீம் வழியே மேலேறி அக்கம்பக்கத்து வீடுகளின் இணைப்பையும் கெடுக்கும்.

கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்தறிய ஒரே ஒரு சோதனை போதும். தெருக்கம்பத்திலிருந்து வரும் கேபிள் வீட்டின் எர்த் இணைப்பைத் தாண்டியதும் வரும் முதல் முனையில், ஸ்ப்ளிட்டர் எதுவுமின்றி மோடத்தை மாட்டி எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே எண்கள் நன்றாக இருந்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் எண் திடீரென விழும் இடத்தில் அது அகப்படும். எர்த் இணைப்பை எக்காரணம் கொண்டும் நீக்கக் கூடாது. மோடத்துக்கு முதல் ஸ்ப்ளிட்டரிலேயே ஒரு முனையை ஒதுக்கி, தொலைக்காட்சிகளையெல்லாம் மறுமுனையில் சேர்ப்பது நல்ல அமைப்பு. மூன்று வழி ஸ்ப்ளிட்டர்களில் சமமற்ற வகை உண்டு, அதன் 3.5 என்று குறித்த முனை மோடத்துக்கு, 7 என்று குறித்தவை மற்றவற்றுக்கு. டிஷ் ஆன்டெனாவுக்கான ஸ்ப்ளிட்டர் உருவத்தில் ஒன்றாகவே இருக்கும், ஆனால் அது 950 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட வேலைக்கு உரியது.

பெருக்கியை வாங்கி மாட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அது கடைசியில் வர வேண்டியது. பெருக்கி சிக்னலுடன் இரைச்சலையும் பெருக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கவும் செய்யும். தொலைக்காட்சிக்கென்று செய்யப்பட்ட பழைய பெருக்கிகள் அப்ஸ்ட்ரீமை அடியோடு மறித்துவிடும். உண்மையிலேயே தேவைப்பட்டால் இருவழிப் பெருக்கியாகப் பார்த்து, ஸ்ப்ளிட்டர்களுக்கு முன்னால், சிக்னல் இன்னும் தூய்மையாக இருக்கும் நுழைவிடத்தில் பொருத்த வேண்டும். சிக்னல் மிகுந்துபோவதும் கோளாறுதான். பிளஸ் 15ஐத் தாண்டினால் மோடத்தின் ரிசீவர் திணறும், அதற்கு அளவைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் உண்டு.

நுழைவிடத்திலேயே எண்கள் மோசமாக இருந்தால் வேலை நிறுவனத்துடையது. கம்பத்தில் வீட்டுக்கான இணைப்பைப் பிரித்துத் தரும் டேப், அங்கிருந்து வரும் கேபிள், தெருவோரப் பெருக்கிகள் ஆகியவற்றில் வீட்டுக்காரர் கைவைக்கக் கூடாது. வந்து வந்து போகும் கோளாறாக இருந்தால் டெக்னீஷியன் வரும் நேரத்தில் எல்லாம் சரியாக இருந்து தொலைக்கும். அதனால் நுழைவிடத்தில் எடுத்த அளவுகளையும், கோளாறு வந்த நாள், நேரம், மழையா வெயிலா என்பதையும், மோடத்தின் நிகழ்வுப் பதிவையும் படமெடுத்து வைத்திருந்து அவரிடம் காட்டுவது நல்லது.