பயிர் மாறிய மலை: பெரும்பாறையில் தொழில் மாற்றத்தின் வரலாறு

கொடைக்கானல் அமைந்துள்ள மேல்மலைக்குக் கிழக்கே, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் கிடக்கும் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, தடியன்குடிசை ஆகிய ஊர்களோடு ஒரே வேளாண் வட்டாரமாக விளங்குவது பெரும்பாறை. ஒரு தொழிலில் கைதேர்ந்தவர் பாதி வாழ்நாள் கழிந்த பின் வேறொன்றுக்கு மாற நேர்ந்தால் பழைய தேர்ச்சியில் எது உடன் வரும், எது வராது என்பதை இம்மலையின் பயிர் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்குள்ள உழவரின் பெருமை மலைவாழை. பழனி முருகன் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு உரிய விருப்பாச்சி வகை இதுவே. சமவெளி வாழைபோல ஓரிரு தாரோடு அழித்து நடப்படாமல், தாய்மரத்தின் பக்கக்கன்றுகளே அடுத்தடுத்துக் குலை தள்ள, மானாவாரியாகப் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்பது இதன் இயல்பு. எனவே நல்ல கன்றை இனங்கண்டு விட்டுவைப்பதே மலைவாழைக்காரரின் தலையாய தேர்ச்சியாக இருந்தது. அந்தத் தேர்ச்சியையே முடிக்கொத்து நோய் தாக்கியது. அசுவினிப் பூச்சியால் பரவும் இந்த நச்சுயிரி நோயில், இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் முதலில் தோன்றும். பிறகு வரும் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கிவிடும். மரம் குலை தள்ளாது. நோய் கண்ட மரத்தின் பக்கக்கன்றும் நோயைச் சுமந்தே பிறக்கும் என்பதால், தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட கன்று நடும் முறையே நோயைத் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டு சென்றது. 1970களில் 18,000 எக்டேர் அளவுக்கு இருந்ததாக வேளாண் அறிஞர் குறிப்பிடும் மலைவாழைப் பரப்பு, பின்னர் ஏறத்தாழ 2,000 எக்டேராகச் சுருங்கியது.

வாழை போன இடத்தில் காப்பியும் மிளகும் முதன்மை பெற்றன. இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழாததுதான் கவனிக்கத்தக்கது. காப்பிச் செடிக்கு இளமையில் நிழல் வேண்டும். முதல் பறிப்புக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். எஞ்சிய வாழையின் நிழலில் காப்பியை வளர்த்து, சில்வர் ஓக், கல்யாண முருங்கை ஆகிய நிழல் மரங்களில் மிளகுக்கொடியை ஏற்றியவர்கள், பழைய வருமானம் முற்றும் நிற்பதற்குள் புதியதைக் கைக்கொண்டனர். நோயை முதல் புள்ளியிலேயே காணும் கண் அவர்களோடு வந்தது. கன்று தேர்ந்த அறிவு வரவில்லை. விற்பனையையோ புதிதாகக் கற்க வேண்டியிருந்தது: 1940கள் முதல் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்கே காப்பியை அளிக்க வேண்டும் என்றிருந்த விதி 1990களில் படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முழுவதும் நீங்கியபோது, விளைவித்தவரே விற்பவராகவும் ஆக வேண்டியதாயிற்று.

வேறொரு துறையிலும் இதே மலைத்தொடர் இத்தகைய மாற்றத்தைக் கண்டுள்ளது. ஜான் எவர்ஷெட் லண்டனில் வேதியியல் பகுப்பாய்வாளராகப் பல்லாண்டு பணியாற்றியவர். அந்த வேலையை விடாமலே, 1890இல் சர்ரே மாவட்டத்துக் கென்லியில் சொந்த ஆய்வுக்கூடம் அமைத்து, சூரிய ஒளியை நிறப்பிரிகை செய்து ஆராய்ந்துவந்தார். கொடைக்கானல் வானாய்வகத்தில் பதவியேற்க 1907இல் வந்தபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அவர் கண்டறிந்தார். அது இன்றும் எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது. பதினாறு ஆண்டு இணைத்தொழிலே அவரது மாற்றத்தின் உண்மையான தொடக்கம் எனக் கொள்வதே பொருந்தும்.

இத்தகைய மாற்றத்தை இன்று எண்ணிப் பார்ப்போரும் உண்டு. 2000இல் சென்னை தரமணியில் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட காலத்தில் மென்பொருள் துறைக்குள் நுழைந்தோர் இன்று ஏறத்தாழ எவர்ஷெட்டின் வயதை எட்டியும் கடந்தும் நிற்கின்றனர். தாம் கற்ற நிரல்மொழிகள் வழக்கொழிவதைக் கண்டு, மலையில் தோட்டம் வாங்கிக் காப்பி பயிரிடலாமா என்று எண்ணுவோருக்கு இவ்வரலாறு நேரடியாகப் பொருந்தும். நிரல்மொழி அறிவு கன்று தேர்ந்த அறிவைப் போன்றது. தோட்டத்துக்கு அது வாராது. பிறர் எழுதிய நீண்ட நிரலில் பிழையின் மூலத்தைப் படிப்படியாகத் தேடிப் பிடிக்கும் பழக்கமும், நிகழ்ந்ததை நாள்தோறும் பதிந்துவைக்கும் ஒழுங்கும் வரும்; மழையளவும் பூப்பும் விளைச்சலும் ஒன்றையொன்று சார்ந்த காப்பித் தோட்டத்தில் இவற்றுக்கு மதிப்பு மிகுதி. காப்பி முதல் பறிப்புக்கு வரும்வரை மாதச் சம்பளத்தை விடுவது அறிவுடைமை ஆகாது.

பெரும்பாறைப் பக்கம் நிலம் தேடுவோர் கிரயத்துக்கு முன்பே தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் தாண்டிக்குடியில் உள்ள காப்பி வாரிய ஆராய்ச்சி நிலையத்துக்கும் சென்று கேட்டறிந்து, ஒரு பறிப்புக் காலமேனும் அங்குள்ள விவசாயி ஒருவரின் தோட்டத்தில் உடனிருந்து வேலை செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.