ஆயிரம் மணி நேரமும் ஒரு கையொப்பமும்: ரோப் ஆக்சஸ் தகுதிநிலைகள் உருவான வரலாறு

ரோப் ஆக்சஸ், அதாவது கயிற்றில் தொங்கி வேலை செய்வது, பழைய தொழில். 1930களின் தொடக்கத்தில் ஹூவர் அணைக்காகப் பிளாக் கேன்யன் பாறைச் சுவர்களைச் சீர்செய்த ‘ஹை ஸ்கேலர்’கள், கயிற்றையும் பலகை இருக்கையையும் நம்பி இறங்கி, தளர்ந்த பாறைகளை நெம்பித் தள்ளினர், வெடிமருந்துக்குத் துளையிட்டனர். தலையில் கல் விழுமென்று துணித் தொப்பியைத் தாரில் தோய்த்து, இறுகவிட்டு அணிந்தனர். அவர்களிடம் துணிச்சலும் கைத்திறனும் நிறைய இருந்தன. ஆனால் அத்திறனைச் சோதித்துச் சான்று தர ஒரு பொது முறை அன்று இல்லை.

பின்னாளில் அப்படிச் சோதிக்கப்பட்ட நுட்பம் வந்தது குகைகளிலிருந்துதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் கயிறு பரவியது. ஐரோப்பியக் குகை ஆய்வாளர்கள் கம்பி ஏணியைக் கைவிட்டு, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கருவிகளால் ஏறவும் உராய்வுக் கருவிகளால் இறங்கவும் பழகினர். பிரான்சில் பெட்ஸல் பட்டறை இக்கருவிகளைச் செம்மைப்படுத்தியது. வடகடல் எண்ணெய் மேடைகளில் கடலுக்கு மேல் சாரம் கட்டுவது செலவும் தாமதமும் மிகுந்த வேலை. அதற்கு மாற்றாகத்தான் பிரிட்டனில் குகை, மலையேற்றப் பழக்கம் உள்ளவர்கள் தொழிலுக்குள் அழைக்கப்பட்டனர்.

இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்ந்தது. குகையாளர் ஒற்றைக் கயிற்றில் தொங்கினார். தொழிலிலோ கிரைண்டர் தீப்பொறி, வெல்டிங் சூடு, கூரான இரும்பு விளிம்பு என்று கயிற்றைக் கெடுக்கும் எதிரிகள் பல. எனவே வேலைக் கயிறு ஒன்று, காப்புக் கயிறு ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி நங்கூரம் என்பது அடிப்படை நெறியாயிற்று. 1980களின் பிற்பகுதியில் பிரிட்டனில் உருவான ஐராட்டா என்னும் தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பு இந்நெறியைச் சுற்றியே தன் மூன்று தகுதிநிலைகளையும் கட்டியது.

இன்றுள்ள வடிவில், குறைந்தது நான்கு நாள் பயிற்சிக்குப் பின் ஒரு நாள் தேர்வு. தேர்வாளர் பயிற்சி நிறுவனத்தைச் சேராத வெளியாள். லெவல் 1 தொழிலாளி மேற்பார்வையில் மட்டுமே கயிற்றில் இறங்கலாம். லெவல் 2-க்குக் குறைந்தது ஓராண்டும் 1000 மணி நேர அனுபவமும் வேண்டும். லெவல் 3-க்கு அதன் மேல் இன்னோர் ஆண்டும் இன்னுமொரு 1000 மணி நேரமும். அதற்கு முதலுதவிச் சான்றும் தேவை.

ஏறும் வேகத்தையோ உடல் வலுவையோ வைத்து இந்த நிலைகள் பிரிக்கப்பட்டதாக நான் கருதவில்லை. பிறரை மீட்கும் பொறுப்பே இவற்றின் உண்மையான அளவுகோல். லெவல் 1 தேர்விலேயே, இறங்கு கருவியில் மயங்கித் தொங்குபவரைத் தன்னோடு இணைத்துக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள். லெவல் 2 தொழிலாளி கயிறு கட்டுவதையும் சிக்கலான மீட்பையும் கற்கிறார். தளம் முழுவதன் மீட்புத் திட்டமும் லெவல் 3 மேற்பார்வையாளரின் தலையில். இந்தப் பொறுப்புக்குச் சாட்சி லாக்புக்: தேதி, செய்த வேலை, உயரம், மணி நேரம், அருகே மேற்பார்வையாளரின் கையொப்பம்.

அமெரிக்காவில் 1990களில் தோன்றிய ஸ்ப்ராட் அமைப்பும் மூன்று நிலைகளையே ஏற்றது. ஆனால் ஒவ்வொரு உயர்வுக்கும் ஆறு மாதமும் 500 மணி நேரமும் போதும் என்றது. ஒரே தொழிலுக்கு இரண்டு அளவுகள் நிலவுவதே, மணிக்கணக்கு ஓர் உடன்பாடுதான் என்பதைக் காட்டுகிறது. கட்டடக் கண்ணாடி துடைத்த ஆயிரம் மணியும் எண்ணெய் மேடையின் அடிப்பாகத்தில் ஊர்ந்த ஆயிரம் மணியும் லாக்புக்கில் ஒரே எண்ணாகத்தான் நிற்கின்றன. இம்முறையின் பெரிய குறை இதுவே.

சட்டம் பின்னால் வந்தது. 2001-இன் ஐரோப்பிய ஆணை இரட்டைக் கயிற்றையும் போதிய பயிற்சியையும் வற்புறுத்தியது; பிரிட்டன் 2005-இல் உயர வேலை விதிகளில் அதைச் சேர்த்தது. ஐ.எஸ்.ஓ. 22846 தரநிலையின் முதற்பகுதி 2003-இலும், இரண்டாம் பகுதி 2012-இலும் வெளிவந்தன. தொழில்துறை தானே வகுத்த ஒழுங்கு அரசுகளின் ஒழுங்காக மாற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.

கருவிகளும் அதற்குள் மாறிவிட்டன. காப்புக் கயிற்றில் கயிறுநுனியால் இழுத்துச் செல்லும் ‘ஷண்ட்’ என்னும் கருவி ஒருகாலத்தில் எங்கும் இருந்தது. விழும்போது பதற்றத்தில் அந்த நுனியை இறுகப் பிடித்தால் கருவி கவ்வாமல் போகும். தானே நகர்ந்து தானே பூட்டிக்கொள்ளும் ‘அசாப்’ வகை வந்ததும் பயிற்சியிலும் பழக்கம் மாறியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை எந்த நிலையினரும் மீண்டும் தேர்வெழுத வேண்டும் என்ற விதியை, மணிக்கணக்கைவிட நான் மேலாக மதிப்பதற்கு இதுவே காரணம். பத்தாண்டு அனுபவமுள்ள லெவல் 3-உம் புதுக் கருவியோடு, வெளித் தேர்வாளர் முன்னிலையில், மீட்பைச் செய்துகாட்டியே தீர வேண்டும்.