சத்சுமா பாண்டங்கள்: மதிப்பீடும் மறுவிற்பனையும்

ஜப்பானின் தென்கோடியில் இருந்த சத்சுமா சிற்றரசில், அதாவது இன்றைய ககோஷிமா பகுதியில், தோன்றிய அலங்காரச் சுட்டமண் கலங்களே சத்சுமா பாண்டங்கள். தந்த நிற மெருகு, அதில் படர்ந்த நுண்ணிய வெடிப்பு வலை, மேலே வண்ணமும் பொன்னும் சேர்ந்த ஓவியம் ஆகியவை இவற்றின் அடையாளம். பீங்கான் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. விளக்கின் முன் பிடித்தால் ஒளி ஊடுருவாது என்பதால் அது பொய்யென உடனே தெரிந்துவிடும்.

1592 முதல் 1598 வரை நடந்த கொரியப் படையெடுப்பிலிருந்து திரும்பிய, சத்சுமாவை ஆண்ட ஷிமாசு குலத்தின் யோஷிஹிரோ, அங்கிருந்து குயவர்களைக் கொண்டுவந்தார். அவர்கள் குடியேறிய ஊர்களில் நயெஷிரோகவா பெயர்பெற்றது. கறுப்புக் கலங்கள் குடிமக்களின் புழக்கத்துக்கும், வெள்ளைக் கலங்கள் அரண்மனைக்கும் ஆயின. பொன் தீட்டும் வழக்கம் வெகுகாலம் கழித்தே வந்தது. ஆகவே ‘1600களின் பொன் சத்சுமா’ என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகர்வதே சரி.

1867இல் பாரிஸ் கண்காட்சியில் சத்சுமா தனி அரசு போலவே கடைவிரித்தது. 1873இல் வியன்னாவில் சத்சுமாக் குயவர் பன்னிரண்டாம் சின் ஜுகானின் பெரிய பூச்சாடிகள் புகழ்பெற்றன. மேலை நாடுகளில் கிராக்கி ஏறவும், கியோத்தோவின் அவாத்தா, ஒசாகா, யோகோஹாமா, டோக்கியோ என எங்கெங்கும் பட்டறைகள் முளைத்தன. ஓவியமில்லாத வெறும் கலங்களை வாங்கி வந்து தீட்டியவர்களும் உண்டு. வட்டத்துக்குள் சிலுவை பொறித்த ஷிமாசு குலச் சின்னத்தை எல்லாரும் கூசாமல் போட்டார்கள். அதனால் பெரும்பாலான வாங்குவோர் முதலில் தேடும் அந்த முத்திரை, ஊரையோ காலத்தையோ நிரூபிக்காது.

தேதி கணிக்க உதவுவது அமெரிக்கச் சுங்கச் சட்டம்தான். 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டியதாயிற்று. ‘நிப்பான்’ என்று பொறித்தார்கள். 1921இல் அது செல்லாதென்று ‘ஜப்பான்’ கட்டாயமானது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்றிருந்தால், 1945க்குப் பின், 1952க்குள் வந்த சரக்கு. நாட்டுப் பெயர் இல்லாததாலேயே ஒன்று பழையதாகிவிடாது. காகிதச் சீட்டு உதிர்ந்திருக்கலாம், வேறு நாட்டுக்குப் போனதாகவும் இருக்கலாம். ‘ராயல் சத்சுமா’ என்ற எழுத்தைக் கண்டால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சரக்கு என்று கொள்ளலாம்.

விலையைத் தீர்மானிப்பது தூரிகை. ஒசாகாவின் யாபு மெய்சான் (1853–1934) பட்டறைக் கிண்ணமொன்றை உருப்பெருக்கியில் பார்த்தால், எள்ளளவு முகங்களிலும் தனித்தனிப் பாவம் தெரியும். மலிவுச் சரக்கில் எல்லாருக்கும் ஒரே முகம், இரண்டு புள்ளிக் கண்கள். அடுத்து நிலைமை: விளிம்பில் பொன் தேய்ந்திருக்கிறதா, ஒட்டுவேலை புற ஊதா விளக்கில் வேறு நிறமாக மின்னுகிறதா, மின்விளக்குத் தண்டாக்க அடியில் துளையிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். துளையிட்ட ஜாடி பெரிதும் மதிப்பிழக்கும். குறையற்ற ஜோடிக்கோ தனித்தனியாக விற்பதைவிடக் கூடுதல் விலை.

ஜப்பானில் பழம்பொருள் வணிகத்துக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. மற்ற இடங்களில் வாங்குபவர், அடிப்புற முத்திரையின் படத்தோடு நிறைவடையாமல், ஓவிய முகங்களைப் பெரிதாக்கிய படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.