கிரிக்கெட் புள்ளியியல்: சேப்பாக்கம் முதல் அடையாறு வரை

விளையாட்டின் எண்களைப் பதிந்து, அவற்றைக்கொண்டு ஆட்டக்காரரின் திறனையும் ஆட்டத்தின் போக்கையும் அளக்கும் துறைக்குச் சென்னையில் வேர் ஸ்கோர் புத்தகம். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. மைசூர் 48, 59, மெட்ராஸ் 130. ஏ. ஜி. ராம் சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாள் நம் கைக்கு எட்டுவது இந்த எண்களால்தான்.

ஆனால் ஸ்கோர் புத்தகம் எண்ணும், எடை போடாது.

சேப்பாக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 2008இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வீரேந்தர் சேவாக் 304 பந்துகளில் 319 ரன் குவித்தார். ஆடுகளம் மட்டையாளர்களுக்கே சாதகம். தென்னாப்பிரிக்காவும் 540 அடித்திருந்தது, ஆட்டம் டிரா. 1999 ஜனவரியில் பாகிஸ்தானுக்கு எதிரான நான்காவது இன்னிங்ஸில், 271 என்ற இலக்கைத் துரத்தி, முதுகுவலியோடு சச்சின் டெண்டுல்கர் எடுத்தது 136. 17 ரன் தேவைப்பட்டபோது அவர் அவுட்டானார். இந்தியா 12 ரன்னில் தோற்றது. ஏட்டில் 319 பெரிய எண். அன்று அரங்கில் இருந்தவர்களுக்கு 136 சிறியதாகத் தோன்றியிருக்காது. அந்த உணர்வுக்கு ஓர் அளவுகோல் தருவதே இத்துறையின் பெரும் பணி.

இந்திய அணிக்குள் கணினி நுழைந்ததிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. ஜான் ரைட் பயிற்சியாளராக இருந்த காலத்தில், 2003 உலகக் கோப்பையில், எஸ். ராமகிருஷ்ணன் அணியின் அனலிஸ்டாகப் பணியாற்றினார். அவருடைய சென்னை நிறுவனம் ஸ்போர்ட்ஸ் மெக்கானிக்ஸ். 2011இல் கோப்பையை வென்ற அணியின் அனலிஸ்ட் சி. கே. எம். தனஞ்ஜெய். ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, எந்த ஷாட், எத்தனை ரன் என்று காணொளியோடு குறித்து வைப்பதுதான் இந்த வேலையின் அடிப்படை. பொறுமை கோரும் உழைப்பு. பெயர் வெளியே தெரிவது அரிது.

மழை குறுக்கிட்டால் இலக்கை மாற்றும் கணக்கும் இதே குடும்பம். திருச்சூர்ப் பொறியாளர் வி. ஜெயதேவன் வகுத்த வி.ஜே.டி. முறை தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் பயன்பட்டிருக்கிறது.

எடை போடும் முயற்சி 2019இல் அடையாற்றுக்கு அருகே உருப்பெற்றது. சென்னை ஐ.ஐ.டி.யும் ஈஎஸ்பிஎன் கிரிக்கின்ஃபோவும் சேர்ந்து ‘சூப்பர்ஸ்டாட்ஸ்’ என்ற அளவீடுகளை வெளியிட்டன. அதில் ‘ஸ்மார்ட் ஸ்டாட்ஸ்’ ரன் எந்த நெருக்கடியில் வந்தது, எதிரே வீசியவர் யார் என்று பார்த்து மதிப்பிடுகிறது. ‘லக் இண்டெக்ஸ்’ இன்னும் துணிச்சலானது: ஒரு கேட்ச் நழுவாமல் இருந்திருந்தால் மீதிப் பந்துகளை யார் ஆடியிருப்பார், எத்தனை ரன் வந்திருக்கும் என்று நடக்காத ஆட்டத்தையே கணக்கிடுகிறது. திண்ணைப் பேச்சில் ‘அதிர்ஷ்டம்’ என்று முடித்துக்கொள்வதை இது ரன்னாக மாற்றித் தருகிறது.

அதே ஐ.ஐ.டி. வளாகத்தில் இப்போது விளையாட்டு அறிவியல், பகுப்பாய்வுக்கென்று தனி மையம் இயங்குகிறது. கிரிக்கெட்டைத் தாண்டி, குத்துச்சண்டை வீரர்களின் கையுறைக்குள் சென்சார் பொருத்தி, குத்தின் வேகத்தையும் விசையையும் அளக்கும் ஆய்வும் அங்கே நடந்திருக்கிறது.