கதை காட்டும் நாளையும் ஆறு காட்டும் நாளையும்



நாளை நடக்கப்போவதை இன்றே காண வேண்டும் என்னும் ஆவல் மனிதனுக்கு இயல்பாகவே உண்டு. பஞ்சாங்கத்தைப் புரட்டுவதும், சோதிடரை நாடுவதும், மேற்கு வானத்து முகிலைப் பார்த்து மழை வருமா வராதா என்று ஆராய்வதும் அவ்வாவலின் வெவ்வேறு வடிவங்களே. 'கணி' என்பது காலத்தை ஆராய்ந்து வருவதை உரைப்பவனைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அச்சொல் தன் பெயரிலேயே ஒலிக்கும் கணியூரில் வாழும் யான், இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருளும் வருங்காலத்தைப் பற்றியதே. காலத்தைக் கடந்து சென்று, பாழ்பட்ட உலகத்தைக் கண்டு மீளும் கதைகள் எவ்வாறு வளர்ந்தன? அவை சிறுவர்களின் கார்ட்டூன் படங்களில் எவ்வாறு இடம்பெற்றன? அக்கதைகளுக்கும் நம் மாவட்டத்தில் ஓடும் நொய்யல் ஆற்றின் வரலாற்றுக்கும் உள்ள உறவு யாது? இம்மூன்றையும் முறையே காண்போம்.

காலம் கடந்து சென்ற கதை நமக்குப் புதிதன்று. ககுத்மி என்னும் அரசன் தன் மகள் ரேவதிக்கு ஏற்ற மணமகனைக் கேட்டறிய அவளையும் அழைத்துக்கொண்டு பிரமலோகம் சென்றதை விஷ்ணு புராணமும் பாகவதமும் கூறுகின்றன. அங்கே நிகழ்ந்த இசை முடியும்வரை அவன் சிறிது பொழுது காத்திருந்தான். அச்சிறு பொழுதுக்குள் மண்ணுலகில் பல யுகங்கள் கழிந்துவிட்டன. அவன் மனத்தில் எண்ணியிருந்த மணமகன் எவனும் உயிரோடில்லை. அவர்தம் வழியினரும் இல்லை. மீண்டு வந்தபோது அவன் கண்டது வேறோர் உலகம். இக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. ககுத்மி வருங்காலத்திற்குச் சென்றான். ஆனால் தான் விட்டுச் சென்ற காலத்திற்குத் திரும்ப அவனால் இயலவில்லை. காலம் ஒரு வழிப் பாதை என்பதே நம் முன்னோர் கண்ட முடிவு.

மேனாட்டுக் கதையாசிரியர் அப்பாதையை இருவழியாக்கினர். 1843-ஆம் ஆண்டில் சார்லஸ் டிக்கன்ஸ் வெளியிட்ட 'கிறிஸ்துமஸ் கரோல்' என்னும் நூலில், ஸ்குரூஜ் என்னும் கஞ்சன் தன் வருங்காலத்தைக் காண்கிறான். எவரும் வருந்தாத தன் சாவையும், கேட்பாரற்ற தன் கல்லறையையும் காண்கிறான். அப்போது அவன் கேட்கும் வினா ஒன்றுண்டு. இவை நிகழ்ந்தே தீருமா, அன்றி நிகழக்கூடியவை மட்டுமா என்பதே அது. வருங்காலக் கதைகள் அனைத்திற்கும் இவ்வினாவே உயிர்நாடி எனலாம். நிகழ்ந்தே தீரும் என்றால் அக்கதையால் அச்சம் ஒன்றே மிஞ்சும். நிகழக்கூடும் என்றால் அஃது எச்சரிக்கை. எச்சரிக்கையைக் கேட்டவன் திருந்துவதற்கு இடமுண்டு. பின்னர் 1895-இல் எச். ஜி. வெல்ஸ் 'கால இயந்திரம்' என்னும் நாவலை எழுதினார். அதன் நாயகன் கி.பி. 8,02,701-ஆம் ஆண்டிற்குச் சென்று, மனித இனம் இரண்டாகப் பிரிந்து சீரழிந்து கிடப்பதைக் கண்டு திரும்புகிறான். அவ்வாண்டின் எண் கற்பனை. ஆனால் உழைப்போரும் உண்போரும் வேறுவேறாகப் பிரிந்து நின்ற அன்றைய இங்கிலாந்தே அதற்கு வித்து.

இவ்வகைக் கற்பனை இயற்கையைக் காக்கும் கருவியாக மாறியது 1962-ஆம் ஆண்டில் எனலாம். அவ்வாண்டு ரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்க அறிவியல் எழுத்தாளர் 'மௌன வசந்தம்' என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். பூச்சிமருந்துகளின் தீமையை விளக்கும் அறிவியல் நூல் அது. ஆயினும் அதன் முதல் இயல் ஒரு கற்பனைக் கதை. வசந்தம் வந்தும் பறவையொலி கேளாத ஓர் ஊரை அதில் அவர் வருணித்தார். அப்படி ஓர் ஊர் எங்கும் இல்லை. ஆனால் அவ்வூருக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒவ்வொரு துன்பமும் எங்கேனும் ஓரிடத்தில் உண்மையாகவே நேர்ந்திருந்தது. அதுவே அக்கதையின் வலிமை. நாடெங்கும் விவாதம் எழுந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1972-இல், அமெரிக்க அரசு வேளாண்மையில் டி.டி.டி. மருந்தைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. எச்சரிக்கை கேட்கப்பட்டது.

அந்த மரபில் வந்ததே 1990 முதல் 1996 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'கேப்டன் பிளானட்' என்னும் கார்ட்டூன் தொடர். தொலைக்காட்சி நிறுவனர் டெட் டர்னரும் பார்பரா பைல் என்பவரும் உருவாக்கியது அது. பூமித்தாய் ஐந்து கண்டத்து இளைஞர் ஐவருக்கு ஐந்து மோதிரங்களை அளிக்கிறாள். நிலம், நீர், நெருப்பு, காற்று என்னும் நான்கின் ஆற்றலும் நான்கு மோதிரங்களில் அமைந்துள்ளன. ஐந்தாவதாக நாம் வானத்தை எதிர்பார்ப்போம். அவர்களோ அவ்விடத்தில் இதயத்தை வைத்தனர். அன்பில்லாத ஆற்றல் அழிவுக்கே துணையாகும் என்பது அதன் கருத்துப் போலும். ஐந்தும் கூடும்போது அந்த மாவீரன் தோன்றி, பூமியைக் கெடுப்போரை அடக்குவான்.

இத்தொடரில் 'இரண்டு எதிர்காலங்கள்' என்று பொருள்படும் பெயரில் இரு பகுதிகளாக வந்த கதை ஒன்று உண்டு. நெருப்பு மோதிரத்திற்குரிய வீலர் என்னும் இளைஞன் தன் பணியில் சலிப்புறுகிறான். இக்குழுவில் சேராமலே இருந்திருக்கலாமே என்று எண்ணுகிறான். அவ்வாறு அவன் சேராது போன உலகின் வருங்காலத்தை அவனே காண நேர்கிறது. அது பாழ்பட்ட உலகம். ஒருவன் கடமையைக் கைவிட்டால் ஓர் எதிர்காலம், கைக்கொண்டால் மற்றோர் எதிர்காலம் என்று இரண்டையும் அருகருகே வைத்துச் சிறுவர்க்கு உணர்த்துவது அக்கதை. ஸ்குரூஜ் கேட்ட அதே வினா இங்கு ஒரு தனிமனிதனைக் கடந்து உலகம் முழுவதற்கும் விரிந்துவிட்டது.

வருங்காலம் உரைப்போருக்கும் வருங்காலம் முழுதும் விளங்குவதில்லை என்பதற்கும் இத்தொடரே சான்று. காற்று மோதிரத்திற்குரிய லிங்கா என்னும் பெண் முதலில் சோவியத் நாட்டினள் என்றே அறிமுகம் செய்யப்பட்டாள். 1991-இல் சோவியத் ஒன்றியமே கலைந்துவிட்டது. பின்னர் அவளைக் கிழக்கு ஐரோப்பாவினள் என்று மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று!

இத்தகைய கதைகளை நான் குறைகூற முற்படவில்லை. எனினும் வரலாறு பயில்வோர் இவற்றில் இரண்டு எளிமைகளைக் கண்டுகொள்ள வேண்டும். முதலாவது, இக்கதைகளில் பூமியைக் கெடுப்பவன் பார்த்தவுடனே தெரிந்துவிடுவான். ஒருவனுக்குப் பன்றியின் சாயல், ஒருவனுக்கு எலியின் சாயல். இரண்டாவது, பாழ்பட்ட எதிர்காலத்தைக் கண்டவன் திரும்பி வந்து திருத்திக்கொண்டால், அந்த எதிர்காலம் சுவடின்றி மறைந்துவிடும். மெய்யான வாழ்வில் இவ்விரண்டும் இவ்வளவு எளிதாக அமைவதில்லை. இதனை அறிய நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் நொய்யற் கரைக்குச் சென்றால் போதும்.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடிக் காவிரியில் கலப்பது நொய்யல். காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். அதன் கரையில் சென்னிமலைக்கு அருகே உள்ள கொடுமணல், சங்க காலத்திலேயே தொழில் சிறந்த ஊர். அங்கு நடந்த அகழாய்வுகளில் மணிக்கல் வேலை நடந்ததற்கும் இரும்பு உருக்கியதற்கும் சான்றுகள் கிடைத்துள்ளன. ஆகவே இவ்வாற்றங்கரைக்குத் தொழில் புதிதன்று. தொழிலின் அளவும் தன்மையுமே பிற்காலத்தில் மாறின.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் உலகறிந்த நகராயிற்று. பனியன் கம்பெனிகள் பெருகின. அவற்றோடு சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் நன்றாக ஏறுவதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும், உப்போ தங்காது. இட்ட உப்பெல்லாம் நீரோடு வெளியேறும். அந்நீர் நொய்யலில் கலந்தது. பின்னர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன; ஆனால் அன்றைய முறைகளால் நிறத்தைக் குறைக்க முடிந்ததேயன்றிக் கரைந்த உப்பைப் பிரிக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெளிந்த நீர், பயிருக்கு நஞ்சாகவே இருந்தது.

இதன் விளைவு எங்கே தெரிந்தது? கீழ்மடையில் தெரிந்தது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளின் பாசனத்திற்கென ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992-இல் நிறைவுற்றது. உழவர்கள் வளம் வருமென்று எதிர்பார்த்தனர். சில ஆண்டுகளுக்குள் அவ்வணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. சுற்றுப்புறக் கிணறுகளில் உப்பேறியது, பயிர்கள் பொய்த்தன, குடிநீருக்கும் வேறிடத்தை நாட நேர்ந்தது. பாசனத்திற்கென்று கட்டிய அணையின் நீரை, பாசனத்திற்கு வேண்டாம் என்று உழவர்களே மறுத்த விந்தையை அங்குதான் கண்டோம். கார்சன் கற்பனையில் வரைந்த ஊர், இங்கே கல்லும் மண்ணுமாக எழுந்து நின்றது.

உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில், ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழாத நிலையை எய்த வேண்டும் என்று 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 28,000-க்கும் மேற்பட்ட உழவர்க்கு இழப்பீடு உரியது என்பதும் முடிவாயிற்று. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அவ்வாணையை உறுதி செய்தது. எனினும் ஆணை நிறைவேறவில்லை. 2011 ஜனவரித் திங்களில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு பணித்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையிழந்து ஊர் திரும்பினர். அதே ஆண்டில் மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களைச் செம்மைப்படுத்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நுண்சவ்வுகளின் வழியே நீரைப் பிரித்தெடுத்து, எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி உப்பையும் மீட்டு, இரண்டையும் மீண்டும் சாயத்தொழிலுக்கே பயன்படுத்தும் முறை படிப்படியாக நிலைபெற்றது. இன்று பிற நகரங்கள் திருப்பூரை நோக்கி அம்முறையைக் கற்க வருகின்றன.

இங்கே பன்றி முகத்தவன் எவன்? சாயப்பட்டறை நடத்தியவர் பலர் நம் அண்டை வீட்டினரே. அவர்கள் தந்த கூலியால் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பெரிந்தது. எத்தனையோ மாணவர் கல்லூரி கண்டனர். அச்சாயம் ஏறிய சட்டையை நாமும் அணிந்தோம். எல்லோரும் தத்தம் கடமையைச் செய்வதாகவே எண்ணினர். எல்லோருடைய செயலும் சேர்ந்து ஆற்றைக் கெடுத்தது. ஒருவனை அடக்கினால் தீரும் தீமை அன்று அது. ஆகையால்தான் மாவீரன் ஒருவனும் தோன்றாமல், வழக்கும் ஆணையும் அறிவியலும் பொருட்செலவும் சேர்ந்தே அதற்கு மருந்தாக வேண்டியிருந்தது.

கண்ட எதிர்காலம் மறைந்துவிட்டதா? அதுவும் இல்லை. நிலத்தில் இறங்கிய உப்பு ஆணைக்குக் கட்டுப்பட்டு வெளியேறுவதில்லை. மீட்கவியலாத கலப்பு உப்பும் கசடும் சுத்திகரிப்பு நிலையங்களில் குவிந்து கிடக்கின்றன. மழைக்காலத்தில் நொய்யலில் நுரை பொங்கியது என்னும் செய்தி இன்றும் நம் காதில் விழுகிறது. ககுத்மியின் கதையே மெய்யாயிற்று; சென்ற காலத்திற்கு நாம் திரும்ப இயலவில்லை. திருத்தம் வந்தது, ஆனால் காலங்கடந்து வந்தது, அதற்குரிய விலையைத் தவறு செய்யாதோரும் கொடுத்தனர்.

ஆயினும் மாணவர்களே, ஆறு நமக்கு ஓர் அரிய உண்மையைக் கற்பிக்கிறது. ஆற்றில் மேல்மடையின் எதிர்காலம் கீழ்மடையிலே முன்கூட்டியே தெரிந்துவிடும். திருப்பூர் 2011-இல் சந்தித்த நெருக்கடியை, ஒரத்துப்பாளையத்து உழவர் பல ஆண்டுகளுக்கு முன்பே தம் கிணற்றில் கண்டுவிட்டனர். அவர்கள் வருங்காலத்திற்குச் சென்று வந்தவர்கள் அல்லர். வருங்காலம் அவர்களிடம் முதலில் வந்து சேர்ந்தது. அவர்கள் சொல்லை உடனே கேட்டிருந்தால் இழப்பு எவ்வளவோ குறைந்திருக்கும். கால இயந்திரம் நம்மிடம் இல்லை என்று வருந்த வேண்டுவதில்லை. கீழ்மடையில் வாழ்வோரின் முறையீடே நம் கால இயந்திரம்.

எங்கள் கணியூர்ப் பகுதியைக் கடந்து செல்லும் அமராவதியும் இங்கேயே நின்றுவிடுவதில்லை. அது தாராபுரம் சென்று, கரூரைத் தொட்டுக் காவிரியிற் கலக்கிறது. நாங்கள் அதில் எதை விடுகிறோமோ, அதையே தாராபுரத்தார் நாளை பெறுவர். உங்கள் ஊரிலும் ஓர் ஆறோ, ஓடையோ, வாய்க்காலோ இருக்கும். அடுத்த விடுமுறையில் அதன் போக்கிலேயே கீழ்நோக்கி நடந்து செல்லுங்கள். அங்குள்ள முதியோரிடம் முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்நீர் எப்படி இருந்தது என்று கேளுங்கள். இன்று எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டையும் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அக்குறிப்பே உங்கள் ஊருக்கு வரக்கூடிய எதிர்காலத்தைச் சொல்லும். வரக்கூடியதைத்தான் சொல்லும், வந்தே தீரும் என்று சொல்லாது. அதனை மாற்றுவதற்குரிய காலம் உங்கள் கையில் உள்ளபோதே எழுதத் தொடங்குங்கள்.