குடலுக்குள் ஒரு தூதுவன்

நைட்ரிக் ஆக்ஸைடு என்றதும் என்னைப் போலப் பொறியியல் படித்தவர்களுக்கு வாகனப் புகையும் அமில மழையும்தான் நினைவுக்கு வரும். ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்ஸிஜன் அணு, அவ்வளவே. உடலுக்குள் சில நொடிகளே தாக்குப்பிடிக்கும் இந்த வாயுவை நம் செல்களே தயாரித்து, ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்துகின்றன. ரத்தக்குழாயின் உட்சுவர் எதையோ வெளியிட்டுக் குழாயைத் தளர்த்துகிறது என்று 1980ல் ராபர்ட் ஃபர்ச்காட் கண்டார். அந்த 'எதையோ' இந்த வாயுதான் என்று நிலைநாட்டியதற்காக அவருக்கும் லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் இருவருக்கும் 1998ல் நோபல் பரிசு கிடைத்தது. டைனமைட்டால் செல்வம் சேர்த்த ஆல்ஃபிரட் நோபலுக்கு, கடைசிக் காலத்தில் இதய நோவுக்கு மருத்துவர்கள் எழுதித் தந்தது அதே நைட்ரோகிளிசரின். அது வேலை செய்வதும் இந்த வாயுவின் வழியாகத்தான். கார்பன் மோனாக்ஸைடும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் பின்னர் இந்தத் தூதுவர் பட்டியலில் சேர்ந்தன.

நான் சொல்ல வந்தது இதயத்தைப் பற்றி அல்ல, குடலைப் பற்றி.

க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்றொரு பாக்டீரியா. 2016ல் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் என்று பெயரை மாற்றினார்கள். மருத்துவமனைகளில் 'ஸீ டிஃப்' என்றால் போதும். 1935ல் பச்சிளம் குழந்தைகளின் மலத்தில் கண்டெடுத்தபோது, வளர்ப்பதற்குக் கடினமாக இருந்ததால் 'டிஃபிசில்' ஆயிற்று. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு வரும் கடும் பேதிக்கும் குடல் அழற்சிக்கும் இதுவே காரணம் என்பது 1978ல்தான் உறுதியானது. மருந்து குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது, காலியான இடத்தில் இது குடியேறுகிறது. அமெரிக்காவில் 2011ல் மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேருக்கு வந்தது, நோய் கண்டறிந்த 30 நாட்களுக்குள் சுமார் 29,000 பேர் இறந்தார்கள் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. அதிகம் சாவது முதியவர்கள். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குச் சளி என்றதும், கையோடு கொண்டுவந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்தக் கணக்கை அவர்கள் பார்க்க வேண்டும்.

பேதியை உண்டாக்குவது பாக்டீரியா சுரக்கும் இரண்டு நச்சுப் புரதங்கள். இவை வேலை செய்யும் விதம் மென்பொருள்காரனுக்கு உடனே பிடிபடும்: தானே பிரிந்து தன்னை நிறுவிக்கொள்ளும் கோப்பு போல. குடல்சுவரின் செல் நச்சை விழுங்குகிறது. செல்லுக்குள் இருக்கும் ஐபி6 என்ற மூலக்கூறு கடவுச்சொல்லாக வந்து ஒட்டுகிறது. உடனே நச்சின் ஒரு பகுதி கத்தரிக்கோலாக மாறித் தன்னையே வெட்டி, வில்லங்கமான முனையை அவிழ்த்துவிடுகிறது. அந்த முனை ரோ என்னும் புரதங்களின் மேல் சர்க்கரையை ஒட்டி அவற்றை முடக்குகிறது. செல்லின் சட்டகம் சரிகிறது, செல்களுக்கு இடையிலுள்ள இணைப்புகள் விடுகின்றன, நீர் கசிகிறது.

இங்கேதான் நம் வாயு வருகிறது. அழற்சி கண்ட குடல் நைட்ரிக் ஆக்ஸைடை ஏராளமாகத் தயாரிக்கிறது. அதில் ஒரு பங்கு குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறின் மேல் ஏறி, ஜிஎஸ்என்ஓ என்ற பெயரில் பயணிக்கிறது. நச்சின் கத்தரிக்கோலில் வெட்டும் முனையாக இருப்பது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணு. ஜிஎஸ்என்ஓ தன் சுமையை அதன்மேல் இறக்கிவிட, கத்தரிக்கோல் வெட்டாது. டோர் ஸாவிட்ஜ் குழுவினர் இதை 2011ல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியிட்டார்கள். நான் மிகவும் ரசித்தது இதை: கடவுச்சொல்லான அதே ஐபி6 வந்து ஒட்டும்போது நச்சின் வடிவம் மாறி, அந்தக் கந்தகம் வாயுவுக்கு மேலும் எளிதாக அகப்படுகிறது! பூட்டைத் திறக்கும் சாவியே காவலனையும் உள்ளே விடுகிறது. நோயுற்ற விலங்குகளுக்கு ஜிஎஸ்என்ஓவை வாய்வழி கொடுத்தபோது பலன் கிடைத்தது.

ஐபி6 வேறொன்றுமல்ல, தவிட்டில் இருக்கும் ஃபைடிக் அமிலம்தான். அதற்காகத் தவிட்டைத் தின்னக் கிளம்பிவிட வேண்டாம். குடலில் கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நைட்ரிக் ஆக்ஸைடும் சாது அல்ல, அளவு மீறினால் நம் திசுவையே அரிக்கும், ரத்த அழுத்தத்தையும் இறக்கும். இன்றுவரை இவ்வழியில் ஒரு மருந்து நோயாளிகளை வந்தடையவில்லை. அதற்குள் வேறு பாதை முந்திக்கொண்டது. ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து நல்ல பாக்டீரியாக்களை நோயாளிக்கு மாற்றும் சிகிச்சை, 2013ல் வெளியான டச்சு ஆய்வில் 16 பேரில் 13 பேரை ஒரே தடவையில் குணமாக்கியது. அதையே மாத்திரையாக 2023ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆனால் இது பாக்டீரியாவுக்கு இடம் கொடாமல் செய்யும் வழி, ஏற்கெனவே செல்லுக்குள் போய்விட்ட நச்சை ஒன்றும் செய்யாது. ஆகவே 2011ன் கேள்விக்கு இன்னும் வேலை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மருத்துவமனையில் உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் திரவம் இந்த பாக்டீரியாவின் வித்துகளைக் கொல்லாது. சோப்பும் தண்ணீரும்தான்.