ஆர்வெல்லுக்குப் போட்ட ஊசி

நம் வயதுக்காரர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் புதிய பெயரல்ல. அந்த நாளில் காசநோய் என்றாலே இந்த ஊசிதான். 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியை அடக்கிய முதல் ஆன்டிபயாடிக் இதுதான்.

1903-ல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1947 டிசம்பரில் காசநோயுடன் ஸ்காட்லாந்தின் ஹேர்மையர்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். அப்போது பிரிட்டனில் இந்த மருந்து எளிதில் கிடைக்காது. நண்பர் டேவிட் ஆஸ்டர் உதவியால் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. 1948 பிப்ரவரியில் ஊசி போடத் தொடங்கினார்கள்.

முதலில் நல்ல குணம் தெரிந்தது. சில வாரங்களில் தோல் சிவந்து உரிந்தது. வாயில் புண் வந்து இரத்தம் கசிந்தது. முடி கொட்டியது, நகங்கள் கெட்டன. சுமார் 50 நாளில் மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. மிச்சமிருந்த மருந்து வேறு இரு நோயாளிகளுக்குப் போனது. அவர்கள் இருவரும் பிழைத்தார்கள். ஆர்வெல் அந்த ஆண்டே தமது '1984' நாவலை எழுதி முடித்தார். 1950 ஜனவரியில், 46 வயதில், நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

ஒரே மருந்து இருவரைக் காப்பாற்றியது, ஒருவரை வாட்டியது. அந்த மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது. மருந்தே புதிது, அவர்களுக்கு அனுபவம் இல்லை. ஒவ்வாமை உள்ளவருக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுக்கும் முறை பிற்பாடுதான் பழக்கத்துக்கு வந்தது. இந்த ஊசி உள்காதையும் தாக்கும். தலைசுற்றலும், சிலருக்குத் திரும்பி வராத காது மந்தமும் உண்டாகும் என்பதும் போடப்போடத்தான் தெரிந்தது.

இன்று நமக்கு அந்த அனுபவம் கையில் இருக்கிறது. எந்த ஆன்டிபயாடிக் முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வையுங்கள். லேசாக வயிறு இளகினால் தாமாக மருந்தை நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள். உடம்பில் தடிப்பு, காதில் இரைச்சல், தலைசுற்றல் என்றால் அன்றே சொல்லுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அடுத்த வேளை மருந்தைத் தொடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.